‘மாட்டோம்’ என்ற பாட்டும் ‘லா’ என்ற சொல்லும்

 

ஜுமுஆ முடிந்து மக்கள் கலையும் நேரத்தில் பெற்றோர் நம்மிடம் அதிகம் கேட்பது, பிள்ளைகளின் கைப்பேசியைப் பற்றித்தான். பத்து ஆண்டுகளுக்கு முன் இக்கேள்வி பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பற்றியதாக இருந்தது. இன்று வேலைக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். நாம் வாழும் இந்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் இதற்குக் காரணம் உண்டு. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலை திறக்கப்பட்டது. அதன்பின் லாரி, மோட்டார் சைக்கிள், கைப்பேசி, தொலைக்காட்சி என ஆலைகள் பெருகின. இராமநாதபுரத்துப் பிள்ளையும் அஸ்ஸாம் மாநிலத்துப் பிள்ளையும் ஒரே அறையில் தங்கி, ஒரே கம்பெனிப் பேருந்தில் ஏறி, ஒரே ஷிப்டில் நிற்கிறார்கள். ஒருவன் மொழி மற்றவனுக்குப் பாதிதான் விளங்கும். எனவே பாட்டு அவர்களுக்கிடையே பொதுமொழி ஆகிவிடுகிறது. ஊரில் கேட்டறியாத பாட்டெல்லாம் இவ்வாறுதான் நம் பிள்ளைகளின் செவிக்கு வந்து சேர்கிறது.

சென்ற ஆண்டு வாலாஜாபாத் பக்கத்திலிருந்து ஒரு தந்தை மிகுந்த கலக்கத்துடன் வந்தார். அவருடைய மகன் ஒரகடத்தில் ஓர் ஒப்பந்ததாரரின் கீழ் வேலை செய்கிறான், விடுதியில் தங்கியிருக்கிறான். விடுமுறைக்கு வந்தவனின் கைப்பேசியில் ஒரு படம் இருந்தது. நீண்ட சுருள்முடி, உதட்டுச் சாயம், கன்னத்தில் வண்ணப்பூச்சு, வாயைப் பிளந்து கத்தும் தோற்றம். ஆனால் அது ஓர் ஆண்.

“ஹஜ்ரத், பாட்டின் பெயருக்குப் பொருள் கேட்டேன். ‘நாங்கள் ஏற்க மாட்டோம்’ என்பதாம். யாரை ஏற்க மாட்டானாம்? என்னையா, மார்க்கத்தையா?” என்றார்.

கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்ளட்டுமா என்பதே அவர் கேட்க வந்த தீர்ப்பு. நாம் ஒரு வாரம் தவணை கேட்டோம். செய்தி ஒன்று வந்தால் தெளிவாக விசாரித்துக்கொள்ளுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின் வருந்தாதீர்கள் என்ற கருத்தில் ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. சந்தேகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்குமாறு அதே ஸூராவின் 12ஆவது வசனம் சொல்கிறது. மகனைப் பற்றிய செய்தியும் செய்திதான். மகன் மீதான சந்தேகமும் சந்தேகம்தான்.

விசாரித்து அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

அப்பாட்டின் பெயர் ‘வி ஆர் நாட் கோன்னா டேக் இட்’. பாடியது ட்விஸ்டட் சிஸ்டர் என்னும் அமெரிக்க இசைக்குழு. 1984இல் வெளியான ‘ஸ்டே ஹங்ரி’ என்ற இசைத்தொகுப்பில் இடம்பெற்றது. தனிப்பாடலாகவும் வெளிவந்து அமெரிக்கத் தரவரிசையில் 21ஆம் இடம் வரை சென்றது. முரட்டு ஓசை கொண்ட கிட்டார் இசையுடன், பெண்களைப் போன்ற ஒப்பனையும் பளபளப்பான உடையும் அணிந்து மேடையேறுவது அக்காலத்தில் ஒரு பாணியாக இருந்தது. அதைக் கிளாம் மெட்டல் என்று அழைத்தார்கள். படத்தில் இருந்தவர் அக்குழுவின் பாடகர் டீ ஸ்னைடர். பாட்டை எழுதியவரும் அவரே.

அந்தத் தந்தை அஞ்சியதைப் போலவே அமெரிக்கப் பெற்றோரும் அந்நாளில் அஞ்சினார்கள். 1985இல் வாஷிங்டனில் செல்வாக்குமிக்க தாய்மார்கள் சிலர் ஒரு சங்கம் அமைத்தனர். செனட்டர் அல் கோரின் மனைவி டிப்பர் கோர், நிதியமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் மனைவி சூசன் பேக்கர் ஆகியோர் அதில் முன்னின்றனர். தம் சிறு மகளுக்காக வாங்கி வந்த ஓர் இசைத்தட்டில் ஆபாசமான பாட்டு இருந்ததைக் கேட்டு அதிர்ந்ததே டிப்பர் கோரை இதில் இறக்கியது. அந்தத் தாயின் கவலையை நாம் குறை சொல்ல மாட்டோம். அது எந்த மார்க்கத்துத் தாய்க்கும் வரவேண்டிய கவலை. ஆனால் அச்சங்கத்தார் தீய பாடல்கள் என்று பதினைந்தைப் பட்டியலிட்டபோது, ‘வன்முறை’ என்ற குறிப்புடன் இந்தப் பாட்டையும் அதில் சேர்த்தனர்.

1985 செப்டம்பர் 19 அன்று செனட் குழுவின் முன் விசாரணை நடந்தது. டீ ஸ்னைடர் தலைமுடியை விரித்துவிட்டுக் கையில்லாச் சட்டையுடன் வந்து அமர்ந்தார். தமக்கு மணமாகி மூன்று வயதில் ஒரு மகன் இருப்பதையும், தாம் கிறிஸ்தவராக வளர்ந்து இன்றும் அந்நெறியில் நிற்பதையும், புகையும் மதுவும் போதையும் தொடுவதில்லை என்பதையும் முதலில் சொன்னார். பிறகு, பட்டியலில் உள்ள தம் பாட்டின் வரிகளில் வன்முறை எங்கே இருக்கிறது என்று கேட்டார். வரிகளில் அது இல்லை. அவருடைய வேறொரு பாட்டு, பெண்ணைத் துன்புறுத்தும் இழிசெயலைப் பாடுவதாக டிப்பர் கோர் எழுதியிருந்தார். தம் குழுவின் கிட்டார் கலைஞருக்குத் தொண்டையில் நடக்கவிருந்த அறுவைச் சிகிச்சையையும் அதைப் பற்றிய அச்சத்தையும் வைத்துத்தான் அப்பாட்டை எழுதியதாக ஸ்னைடர் விளக்கினார். அவ்விசாரணையின் முடிவில் சட்டம் ஏதும் பிறக்கவில்லை. பெற்றோரை எச்சரிக்கும் முத்திரையைக் குறிப்பிட்ட இசைத்தொகுப்புகளின் மேலுறையில் பதிக்க இசைத்தட்டு நிறுவனங்களே ஒப்புக்கொண்டன.

தோற்றத்தைக் கண்டு தீர்ப்பளித்தால் நேர்மையான கவலைகூட அநீதியாக மாறிவிடும் என்பதற்கு இது ஒரு சான்று. அதற்காக அந்தப் பாடகரை நாம் பின்பற்றத்தக்கவராக ஆக்கிவிட முடியாது. ஆண்கள் பெண்களைப் போல வேடம் பூணுவதை நபி (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்திருக்கிறார்கள். பாட்டுக்கென எடுத்த காட்சிப்படத்தில், கிட்டார் வாசிக்கும் மகனைத் தந்தை திட்டுகிறார். பாட்டு தொடங்கியதும் அவர் ஜன்னல் வழியே தூக்கி எறியப்படுகிறார். குழந்தைகளின் கார்ட்டூன் படத்தைப் போன்ற வேடிக்கைதான் அது என்றே ஸ்னைடர் செனட் குழுவிடம் சொன்னார். பெற்றோரிடம் ‘சீ’ என்ற சொல்லையும் கூறாதீர்கள் என்று படித்த நமக்கு அந்த வேடிக்கை உவப்பானதாக இல்லை.

இசைக்கருவிகளைப் பொறுத்தவரை, ஸஹீஹுல் புகாரியில் உள்ள எச்சரிக்கையை ஆதாரமாகக் கொண்டு நான்கு மத்ஹபுகளின் பெரும்பாலான அறிஞர்கள் அவற்றைத் தடுத்திருக்கிறார்கள். இப்னு ஹஸ்ம் (ரஹ்) போன்றோர் மாற்றுக் கருத்துக் கொண்டிருந்தனர். நாம் மதரஸாவில் கற்பிப்பது பெரும்பான்மையினரின் கருத்தையே. ஆயினும், பாட்டு என்றதுமே முகத்தைத் திருப்பிக்கொள்வது நபிவழி அன்று. ஈத் நாளில் ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் பாடினர். அபூபக்ர் (ரலி) கடிந்தபோது, அவர்களை விட்டுவிடும்படி நபி (ஸல்) கூறினார்கள். வேறொரு திருமண வீட்டில் சிறுமியர் பாடிக்கொண்டிருக்கையில் ஒருத்தி, நாளை நடப்பதை அறியும் நபி நம்மிடையே இருக்கிறார் என்ற பொருளில் பாடிவிட்டாள். நபியவர்கள் பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. அந்த ஒரு வரியை விட்டுவிட்டு, முன்பு பாடியதையே பாடு என்றார்கள். காது கொடுத்துக் கேட்டதால்தான் அவர்களால் அந்த ஒரு வரியை மட்டும் திருத்த முடிந்தது.

அவ்வாறே இந்தப் பாட்டின் சொற்களையும் வாசித்துப் பார்த்தோம். அதில் பெரும் ஆபாசமோ, இறைமறுப்போ இல்லை. ஆனால் ஒரு பெருங்குறை உண்டு. ‘மாட்டோம், மாட்டோம்’ என்று பாட்டு முழுவதும் முழங்குகிறது. எதை ஏற்க மாட்டார்கள் என்று சொல்லவே இல்லை. எதிரே இருப்பவர் யார்? தந்தையா, ஆசிரியரா, முதலாளியா, அரசா? அந்த இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. கேட்பவர் எவரும் தம் கோபத்தை அதில் ஊற்றிக்கொள்ளலாம்.

நாற்பது ஆண்டுகளாக நடந்திருப்பதும் அதுவே. 2018இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஊதியம் கேட்டு வேலைநிறுத்தம் செய்த பள்ளி ஆசிரியர்கள் இதைப் பாடினார்கள். மறுபுறம், 2019 ஆஸ்திரேலியத் தேர்தலுக்காக, சுரங்கத் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய கிளைவ் பாமர் என்ற அரசியல்வாதி இப்பாட்டின் சொற்களைச் சிறிது மாற்றித் தம் கட்சி விளம்பரத்தில் ஒலிக்கவிட்டார். அனுமதி பெறவில்லை என்று வழக்குத் தொடரப்பட்டது. 2021இல் அந்நாட்டு நீதிமன்றம் அவர் 15 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. கொள்ளைநோய்க் காலத்தில் முகக்கவசம் அணிய மறுத்தவர்களும் இதையே பாடினர். 2022இல் உக்ரைன் மக்கள் இதைப் பாடியபோது, அவர்களுக்கு இசைவு தருகிறேன், முகக்கவச எதிர்ப்பாளர்களுக்குத் தரமாட்டேன் என்று எழுதியவரே விளக்கவேண்டியதாயிற்று. ஏழை ஆசிரியரும் சுரங்க முதலாளியும் ஒரே பாட்டைப் பாட முடிகிறதென்றால், அந்த ‘மாட்டோம்’ பொருளற்ற வெற்றுக் குரல் என்றுதானே கொள்ள வேண்டும்?

இங்கே நம் கலிமாவை நினைத்துப் பார்ப்போம். அதுவும் மறுப்பில்தான் தொடங்குகிறது. ‘லா’ என்பதே முதற்சொல். வணக்கத்திற்குரியவர் என எவரும் இல்லை என்று முதலில் எல்லாவற்றையும் மறுக்கிறோம். ஆனால் அந்த இடத்திலேயே நின்றுவிட்டால் அது ஈமான் ஆகாது. ‘இல்லல்லாஹ்’ என்று தொடர்ந்த பிறகே அது கலிமா. எதை மறுக்கிறோம் என்பதும், எதன் பொருட்டு மறுக்கிறோம் என்பதும் சேர்ந்தே நம்பிக்கை. இளைஞனின் வாயில் ‘லா’ பிறப்பதைக் கண்டு நாம் அஞ்சவேண்டியதில்லை. அதற்குரிய ‘இல்லா’வை அவன் கண்டுகொள்ளாமல் போவதுதான் அஞ்சத்தக்கது.

பாட்டின் மெட்டைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. ஸ்னைடர் இளமையில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர். கிறிஸ்துமஸ் நாளில் விசுவாசிகளை அழைக்கும் பழைய பக்திப்பாடல் ஒன்றின் மெட்டு தம்மையறியாமல் இந்தப் பாட்டில் வந்து அமர்ந்துவிட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 2006இல் அக்குழு வெளியிட்ட கிறிஸ்துமஸ் இசைத்தொகுப்பில் அந்தப் பக்திப்பாடலை இந்த மெட்டிலேயே பாடினார்கள். மெட்டு இடம் மாறுவது நமக்கும் புதிதன்று. திரைப்பட மெட்டில் அமைந்த இஸ்லாமியப் பாடல்கள் நம் திருமண வீடுகளில் ஒலித்தவைதாமே. நாகூர் ஹனீஃபா அவர்கள் ஒரே கம்பீரக் குரலில் திராவிட இயக்க மேடைகளிலும் பாடினார், மார்க்க மேடைகளிலும் பாடினார். 2015இல் அவர் மறைந்த பின்னும் ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்ற பாடல் முஸ்லிம் அல்லாதார் வீடுகளிலும் கேட்கிறது. அப்பாடலின் பெயரிலேயே கை யாரை நோக்கி நீளவேண்டும் என்பது இருக்கிறது. அமெரிக்கப் பாட்டோ மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அழைக்கப்படும் திசையை விட்டுவிட்டது.

ஒரு வாரம் கழித்து அந்த இளைஞனைச் சந்தித்தோம். பாட்டைப் பற்றி நாம் அறிந்தவற்றைச் சொன்னதும் அவன் வியந்தான். அறைத்தோழன் கேட்டான், தானும் கேட்டதாகச் சொன்னான். “தம்பி, அவர்கள் எதை ஏற்க மாட்டார்கள் என்று பாட்டில் இல்லை. நீ எதை ஏற்க மாட்டாய்?” என்று கேட்டோம். நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, நான்கு மாதங்களாகக் கூடுதல் நேர வேலைக்கு ஒப்பந்ததாரர் பணம் தரவில்லை என்றும், கேட்டவர்களை மறுநாள் வரவேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள் என்றும் கூறினான். அக்காவின் திருமணக் கடன் இருக்கும்போது வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று அத்தாவிடம் மறைத்திருக்கிறான். தந்தை அருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். “இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?” என்று மட்டும் கேட்டார். அவன், “சொன்னால் பொறுத்துக்கொள் என்பீர்கள் அத்தா” என்றான்.

பெற்றோர் இந்த விடையைச் சிந்திக்க வேண்டும். ஸப்ரு என்ற உயர்ந்த சொல்லை நாம் பல நேரங்களில் வாயை மூடிக்கொள் என்ற பொருளில் பிள்ளைகளிடம் பயன்படுத்திவிடுகிறோம். தீய சொல்லைப் பகிரங்கமாகப் பேசுவதை அல்லாஹ் விரும்புவதில்லை என்று கூறும் ஸூரத்துன் நிஸாவின் 148ஆவது வசனம், அநீதி இழைக்கப்பட்டவனுக்கு விலக்களிக்கிறது. அளவையிலும் நிறுவையிலும் மக்களுக்கு உரியதைக் குறைக்காதீர்கள் என்பதே ஷுஐப் (அலை) தம் சமூகத்தாரிடம் வலியுறுத்திச் சொன்னது. உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுங்கள் என்ற கருத்துள்ள நபிமொழியை நாம் மேடைதோறும் சொல்கிறோம். அந்நபிமொழி முதலாளிக்குக் கட்டளை என்றால், கூலியைக் கேட்பது தொழிலாளியின் உரிமை. கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்பது இந்நாட்டுத் தொழிற்சட்டமும் நெடுங்காலமாக வகுத்திருக்கும் விதியாகும்.

எதைக் கேட்கிறோம் என்று தெளிந்து கேட்டவர்களை நம் வட்டாரமே கண்டிருக்கிறது. 2021 டிசம்பரில், விடுதி உணவால் சக தொழிலாளர்கள் நோயுற்றபோது, ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். நல்ல உணவு, மனிதர் தங்கத்தக்க இடம் என்பதே அவர்கள் கேட்டது. விடுதிகளின் நிலையைச் சீர்செய்வதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2024 செப்டம்பர் 9 முதல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்கள் சங்கத்தை ஏற்கவேண்டும், ஊதியமும் வேலை நேரமும் சீராகவேண்டும் என்று கேட்டார்கள். அப்போராட்டங்களின் ஒவ்வொரு கோரிக்கையிலும் உடன்படவேண்டும் என்று நாம் கூறவில்லை. அவர்களின் ‘மாட்டோம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் எழுதிக்கொடுக்கத்தக்க ஒரு பட்டியல் இருந்தது என்பதையே சுட்டுகிறோம்.

நாம் சொன்ன யோசனையின்படி, அந்த இளைஞன் தான் வேலை செய்த கூடுதல் நேரத்தைத் தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுதினான். உடன் வேலை செய்யும் இருவரும் எழுதினர். தந்தையும் உடன்சென்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு அளித்தார்கள். இரண்டு மாதப் பாக்கி கிடைத்தது. எஞ்சியதைக் கேட்டு வருகிறார்கள். அந்தப் படம் அவன் கைப்பேசியில் இன்னும் இருக்கிறதா என்று நாம் விசாரிக்கவில்லை.

பெற்றோருக்கு நாம் சொல்ல விரும்புபவை மூன்று. முதலாவதாக, பிள்ளை கேட்கும் பாட்டைத் தீர்ப்பளிக்கும் முன் அதன் பொருளைக் கேட்டறியுங்கள். ஆபாசமும் இறைமறுப்பும் போதைப் புகழ்ச்சியும் இருந்தால் தெளிவாகத் தடுத்துச் சொல்லுங்கள்; இல்லாததை இருப்பதாகச் சொல்லாதீர்கள். ஒருமுறை இல்லாததைச் சொல்லிவிட்டால், உண்மையில் தீமை இருக்கும்போது நீங்கள் சொல்வதை அவன் நம்ப மாட்டான். இரண்டாவதாக, பாட்டைப் பற்றிக் கேட்டபின் அவனைப் பற்றிக் கேளுங்கள். தூக்கம் போதுமா, சம்பளம் ஒழுங்காக வருகிறதா, ஷிப்டுக்கிடையே லுஹர் தொழ இடம் உண்டா, மேற்பார்வையாளர் எப்படிப் பேசுகிறார் என்று கேளுங்கள். மூன்றாவதாக, நியாயமான ‘மாட்டேன்’ என்ற சொல்லைச் சொல்ல அவனுக்குத் துணை நில்லுங்கள். ஜமாஅத்துகளும் இதில் பங்கேற்கலாம். ஒவ்வொரு பள்ளிவாசலிலும் தொழிற்சட்டம் அறிந்த ஒருவர் மாதம் ஒருமுறை அமர்ந்து பிள்ளைகளின் சம்பளச் சீட்டைப் பார்த்துச் சொல்வதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். செவியில் கருவியை மாட்டிக்கொண்டு ஆயிரம் முறை ‘மாட்டோம்’ என்று கேட்பதால் ஓர் அநீதியும் நீங்காது. பாட்டு முடியும்போது கோபமும் தீர்ந்துவிடுகிறது. மறுநாள் அதே இடத்தில் அதே அநீதி நிற்கிறது. உங்கள் மனம் எதை மறுக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பெற்றோரையும் தொழுகையையும் மறுப்பதாக அது இருந்தால், அது நஃப்ஸின் குரல் என்று அறிந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுங்கள். அநீதியை மறுப்பதாக இருந்தால், அதை அத்தாவிடமும் அம்மாவிடமும் முதலில் சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் செவிகளைத் தீமையிலிருந்து காப்பாயாக. அவர்கள் சொல்வதைக் கேட்கும் செவிகளை எங்களுக்குத் தருவாயாக. அவர்களின் உழைப்புக்கு ஹலாலான, குறைவற்ற கூலியை வழங்குவாயாக. ஆமீன். வஸ்ஸலாம்.